முயலுக்கு யானைத் துப்பாக்கி

மருதங்கோம்பை ஜமீன்தார் விசயரங்கருக்குக் கொசு கடித்தால்கூட யானைத் துப்பாக்கிதான் வேண்டும். அரண்மனையில் ஒரு சின்ன ரைபிளும் இருந்தது. அதன் குண்டு கடலைப்பருப்பு அளவுதான். "எலி சுடுற சாமானை ஆம்பிளை தொடுவானா?" என்று சொல்லி, வடகத்துக்கு வரும் காக்காயை விரட்டச் சமையல்காரி இருளாயியிடம் அதைக் கொடுத்துவிட்டார்.

ஒருநாள் பக்கத்து ஜமீன்தார் விருந்துக்கு வந்தார். விசயரங்கர் காட்டுக்குப் போய் ஒரு முயலைச் சுட்டார். மலையே அதிர்ந்தது. முயல் நின்ற இடத்தில் ரெண்டு காது மட்டும் கிடந்தது. அந்தக் காதுகளை இருளாயியிடம் நீட்டி, "மணக்க மணக்க முயல் குழம்பு வை. இல்லேன்னா நாளையிலேர்ந்து உனக்கு இங்கே அடுப்பில்லை" என்றார்.

"வச்சிரலாம் எசமான்" என்ற இருளாயி, காதுகளை ஓரமாக வைத்துவிட்டு, சின்ன ரைபிளோடு சோளக்கொல்லைப் பக்கம் போனாள். 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பந்தியில் குழம்பு மணத்தது. "நம்ம யானைத் துப்பாக்கி அடிச்ச முயலாக்கும்!" என்று விசயரங்கர் மீசையை முறுக்கினார். விருந்தாளி ஒரு துண்டைக் கடித்தார். பல்லில் 'கடக்' என்றது. வாயிலிருந்து குண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"என்னங்காணும், உம்ம குண்டு கட்டைவிரல் தண்டி இருக்குமே! இது கடலைப்பருப்பாட்டம் இருக்கு?"

விசயரங்கர் திருதிருவென்று முழித்தார். "ஏ இருளாயி, நீயே சொல்லு!"

இருளாயி பவ்யமாகக் கைகட்டி நின்றாள். "எசமான் குண்டேதான் சாமி. கறியோட சேர்ந்து வெந்ததுல சுருங்கிப்போச்சு."