ஏறிவராத கெண்டைகள்

காட்டுச் சரிவில் இரண்டு குளங்கள் இருந்தன. மழையில் மேல்குளம் நிரம்பினால், ஓடை வழியே கீழ்க்குளத்துக்கு நீர் வழியும்; அதற்கு வேறு நீர்வரத்து இல்லை. அந்த நீரை எதிர்த்துத் துள்ளிக்கொண்டு கீழ்க்குளத்து மீன்கள் முட்டையிட மேலே ஏறி வரும்.

மேல்குளத்தில் வெள்ளிச்சி என்றொரு கெண்டை இருந்தாள். போன மழையில் அவளுடைய பெண்கள் நீரோடு கீழே போயிருந்தார்கள். "அடுத்த மழைக்கு ஏறி வந்துவிடுவோம், அம்மா!" என்று சொல்லிப் போனவர்கள். அன்றுமுதல் ஓடையின் வாயருகேதான் அவள் இருப்பு. மேகம் கறுத்தால் போதும், அவள் உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

இந்த ஆண்டு மழை பிந்தியது. மேல்குளத்து விலங்குகள் கூட்டம் கூடின. கூட்ட நாளில் யாரும் யாரையும் தின்பதில்லை. அது அங்கே வழக்கம்.

"நம் நீர் நமக்கே! ஓடையை அடைப்போம்!" என்றது தலைவரான காட்டுப்பன்றி.

"நீர் கூடினால் மீனும் கூடும்!" என்று நீர்நாய் வாலை ஆட்டியது.

"கீழே இருப்பவர்கள் என்ன செய்வார்கள், தலைவரே?" என்று கேட்டாள் வெள்ளிச்சி.

"அதைக் கீழ்க்குளத்துக் கூட்டம் பேசிக்கொள்ளட்டும்! நம் எல்லை இந்தக் கரையோடு சரி!" என்றது கொக்கு.

"என் பெண்கள் அங்கே இருக்கிறார்களே!"

"இது பொதுக் காரியம், தாயே! வீட்டுக் கதையை இங்கே கொண்டுவராதே!" என்று பன்றி உறுமியது.

"கூட்டம் முடியட்டும், நான் தனியாக வந்து கேட்கிறேன்!" என்று கொக்கு அலகைத் தீட்ட, எல்லாரும் சிரித்தார்கள்.

கட்டையும் மண்ணும் போட்டு ஓடையை அடைத்தார்கள். பிறகு மழை பெய்தது. மேல்குளம் தளும்பியது. கட்டைகளின் இடுக்கில் ஒளிந்துகொண்டு வெள்ளிச்சி காது கொடுத்தாள். அந்தப் பக்கம் நீரோசையே இல்லை.

ஒருநாள் கீழ்க்குளத்து ஆமை ஊர்ந்து வந்தது.

"அக்கா, கீழே சேறுதான் மிச்சம். உன் பெண்கள் ஒரு பள்ளத்தில் ஒண்டிக் கிடக்கிறார்கள். 'அம்மா எப்படியும் ஓடையைத் திறக்கவைப்பாள்' என்கிறார்கள்."

வெள்ளிச்சி கரையோரம் நீந்திப் போய், ஓடையைத் திறக்கச் சொல்லிப் பன்றியிடம் கெஞ்சினாள்.

"அவசரப்படாதே! அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்!" என்றது பன்றி.

அடுத்த கூட்டம் கூடுவதற்குள், கட்டை இடுக்கில் ஒளிந்திருந்த வெள்ளிச்சியைத் தவிர மேல்குளத்து மீன்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. புது மீன் ஏறவே இல்லை. நீர்நாயின் விலா எலும்பு தெரிந்தது.

"குளம் நிறையத் தண்ணீர் இருக்கிறது! மீன் எங்கே?" என்று கொக்கு கத்தியது.

"மீன் கீழேயிருந்துதானே வரவேண்டும்?" என்றது ஆமை. "வழியை அடைத்துவிட்டு யாரைக் கேட்கிறாய்?"

பன்றி ஆமையை அனுப்பிக் கீழ்க்குளத்தாரை அழைத்தது. அன்றுதான் முதன்முறையாக இரண்டு குளத்து விலங்குகளும் ஓடைக்கரையில் ஒன்றாக உட்கார்ந்தன. இனி இரண்டுக்கும் ஒரே கூட்டம்; ஒரு குளத்தைக் கேட்காமல் மறு குளம் ஓடையில் கை வைக்கக் கூடாது என்று முடிவாயிற்று. அடைப்பை உடைத்தார்கள். நீர் பாய்ந்தது.

வெள்ளிச்சி காத்திருந்தாள். சேற்றில் புதைந்து பிழைத்த விரால்கள் ஏறி வந்தன. கெண்டை ஒன்றுகூட இல்லை.

"அவர்கள் கடைசிவரை ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அம்மா," என்றது ஒரு விரால்.

வெள்ளிச்சி விலகி அதற்கு வழிவிட்டாள். கண்ணை மட்டும் ஓடையிலிருந்து எடுக்கவில்லை.

ஒரே நீரால் வாழ்பவர்கள் ஒன்றாக அமர்ந்து முடிவெடுக்காவிட்டால், திறந்துவிடும் நீர் காலம் கடந்தே போய்ச் சேரும்.