மைக் டெஸ்டிங்

சொந்தப் பாட்டுக்கு ரசிகர் சேர்க்க மேடை மேடையாக ஏறிக்கொண்டிருந்த ‘ஊசிப்போன வடை’ ராக் குழுவை, கோவையில் ஒரு குடியிருப்போர் சங்கம் ஆண்டு விழாவுக்கு அழைத்தது.

தலைவர் கந்தவேலு கறாராகச் சொன்னார்: “சொந்தப் பாட்டெல்லாம் வேண்டாம். சனங்களுக்குத் தெரிஞ்ச பாட்டுத்தான் பாடோணும்.”

“சரிங்க,” என்றாள் பாடகி மிருதுளா.

மத்தியானமே மைக் டெஸ்டிங் தொடங்கியது. “ஹலோ, ஹலோ” என்றவள், “பஸ்ஸு வரலியே, டீயும் ஆறலியே” என்று தன் பாட்டையே பாடிப் பார்த்தாள். “சத்தம் சரியில்லீங்க” என்று மறுபடியும் பாடினாள். சாயங்காலம் வரை சத்தம் சரியாகவே இல்லை.

விழாவில் அவள் அதே பாட்டை எடுத்ததும் தலைவர் மேடையேறி மைக்கைப் பிடுங்கினார். “இது உங்க பாட்டாச்சே, இங்க யாருக்குத் தெரியும்?”

“தெரியாதுங்களா? ‘பஸ்ஸு வரலியே, காப்பியும் ஆறலியே’ன்னு...”

“காப்பி இல்ல கண்ணு, டீ,” என்று திருத்தினார் தலைவர், மைக்கிலேயே.