கூடாரத்தில் ஒரு வேலைநிறுத்தம்

ஒரு கரடி, ஒரு குரங்கு, ஒரு ஆடு, ஒரு கழுதை, ஒரு கிழட்டுச் சிங்கம். இந்த ஐந்தையும் வைத்து வித்தை காட்டிப் பிழைத்தான் ஏகாம்பரம். திருவிழா நடக்கும் ஊரெல்லாம் போய்க் கூடாரம் அடிப்பான். மிருகங்கள் ஆடும், அடி வாங்கும். வண்டியை இழுப்பது பொன்னி என்ற அந்தக் கழுதை.

ஒருநாள் ஆற்று மணலில் பொன்னிக்குக் கால் பிசகிவிட்டது. அது நொண்டுவதை ஏகாம்பரம் பார்த்தான்.

"இனி இது எதற்கும் உதவாது. இன்றைய ஆட்டம் முடிந்ததும் சிங்கத்துக்குப் போட்டுவிடுவோம்!" என்றான்.

கரடிக்கு ரத்தம் கொதித்தது. அது சாதாரணக் கரடி அல்ல. திடலில் கிடக்கும் துண்டுப் பிரசுரங்களை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்த கரடி!

"தோழர்களே! இன்று யாரும் ஆடக் கூடாது. நடுக் கூடாரத்தில் உட்காருவோம். பொன்னியைக் கொல்லமாட்டேன் என்று அவன் வாயால் சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது!"

"சவுக்கு பேசுமே அண்ணே!" என்றது ஆடு.

"பேசட்டும்! என் முதுகு பார்க்காத சவுக்கா?"

"உங்களுக்கென்ன, முதுகெல்லாம் கம்பளி!" என்று முனகியது குரங்கு. ஆனாலும் சம்மதித்தது.

பொன்னிக்குக் கண் கலங்கியது. "உங்களைத்தான் நம்பியிருக்கிறேன் அண்ணே."

"என் உயிரைக் கொடுப்பேன் தங்கச்சி!"

மாலையில் கூட்டம் நெரிந்தது. மேளம் முழங்கியது. கரடி, ஆடு, குரங்கு மூன்றும் நடுக் கூடாரத்தில் வந்து உட்கார்ந்தன. ஏகாம்பரம் சவுக்கைச் சொடுக்கினான். ஒன்றும் அசையவில்லை. வாழைப்பழம் காட்டினான். குரங்கு கண்ணை இறுக மூடிக்கொண்டது. அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"சரி, தொலையட்டும். அந்தக் கழுதையை..." என்று வாயெடுத்தான்.

அதற்குள் முன்வரிசையில் இருந்த ஒருவர், "அடடா! மனிதர்களைப் போலவே மறியல் செய்கின்றனவே! என்ன அருமையான வித்தை!" என்று கைதட்டினார். கூடாரமே சேர்ந்து தட்டியது.

கைதட்டல் கேட்டால் எழுந்து கும்பிட வேண்டும். குட்டிப் பருவத்தில் ஏகாம்பரம் பழக்கிய முதல் பாடம் அது. கரடிக்கு உடம்பு புல்லரித்தது. இத்தனை கைகளும் எனக்கா! 'ஒரே ஒரு கும்பிடு. உடனே உட்கார்ந்துவிடலாம்' என்று நினைத்தது. எழுந்தது. கும்பிட்டது. தலைவர் எழுந்த பிறகு தொண்டர்கள் உட்கார்ந்திருப்பார்களா? ஆடும் குரங்கும் எழுந்தன. வலப்பக்கம் ஒரு கும்பிடு, இடப்பக்கம் ஒரு கும்பிடு. மேளக்காரன் தாளத்தை மாற்றினான். ஆட்டம் தொடங்கிவிட்டது!

ஆட்டம் முடிந்ததும் பொன்னியைச் சிங்கக் கூண்டின் பக்கம் இழுத்துப் போனார்கள்.

"அழகாகக் கும்பிட்டீர்கள் அண்ணே!" என்றது பொன்னி.

கரடி வேறு பக்கம் பார்த்தது.

அடுத்த ஊரில் ஏகாம்பரம் சுவரொட்டி ஒட்டினான்: 'காணத் தவறாதீர்கள்! மிருகங்களின் மாபெரும் வேலைநிறுத்தம்! தினமும் இரண்டு காட்சிகள்!' கரடிக்குத் தலைவர் வேடம், தோளில் புதுத் துண்டு. 'உட்கார்!' என்று ஏகாம்பரம் சொன்னால் அது போராட உட்காரும். மற்ற நேரத்தில் வண்டி இழுக்கும்.

கைதட்டலுக்கு மயங்குகிற தலைவனை நம்பிப் போராடினால், நம்பியவனின் உயிர்தான் போகும்.