குப்பை மேட்டில் அன்னை

சிந்து நதிக்கரையில் இருந்த செங்கல் நகரம் அது. அங்கே யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் களிமண்ணில் அன்னையின் உருவம் செய்வார்கள். அவள் தலையின் இருபுறமும் சின்னக் கிண்ணங்கள் வைத்து விளக்கேற்றுவார்கள். நோயாளி பிழைத்தாலும் சரி, போனாலும் சரி, அன்னையின் வேலை முடிந்தது. உருவம் குப்பை மேட்டுக்குப் போய்விடும்.

வேண்மாளின் மகளுக்குக் கடும் காய்ச்சல். பிள்ளையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, ஆசான் ஓரியின் முற்றத்தில் அன்னைக்கு முன்னால் உட்கார்ந்தவள்தான், நாட்கணக்காக நகரவில்லை.

ஆசானுக்கு அவளைவிட வயது குறைவு. ஆனாலும் தன் சிஷ்யையான வேண்மாளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்கு ஒரு நடை போய் வரும்படி சொல்லிப் பார்த்தார். விளக்கு அணைந்துவிடும் என்று அவள் மறுத்துவிட்டாள்.

அன்று காலை எண்ணெய் தீர்ந்துபோனது. வேறு வழியில்லாமல் கடைத்தெருவுக்குப் போய் வாங்கிக்கொண்டு திரும்பினாள். தெருமுனைக் குப்பை மேட்டில் அன்னை கிடந்தாள். வேண்மாள் தன் கையால் செய்த உருவம். கிண்ணத்தின் சூடுகூட ஆறவில்லை.

எண்ணெய்க் குடுவை கை நழுவி உடைந்தது. விழுந்தடித்துக்கொண்டு ஆசானிடம் ஓடினாள்.

ஓரி கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“என் பெண் போய்விட்டாளா, ஆசானே?”

“இப்போதுதான் உங்கள் வீட்டிலிருந்து வருகிறேன். காய்ச்சல் விட்டுவிட்டது. கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள்.”

வேண்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது.

“என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அன்னையைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களே. எனக்கு உயிரே போய்விட்டது.”

“குப்பை மேட்டுக்கு எது பக்கம், என் வீடா, உங்கள் வீடா?”

“என் வீடுதான்.”

“பிறகு ஏன் இங்கே ஓடி வந்தீர்கள்?”

வேண்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“போய்ப் பார்க்கப் பயமாக இருந்தது.”

“இத்தனை நாளுமா?”

ஓரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“கண் விழித்ததும் அம்மா எங்கே என்றுதான் கேட்டாள், அக்கா. மண் உருவத்துக்குக் காவல் இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.”