மைனாவின் கண்ணோரத்து மஞ்சள்

அந்தக் காலத்தில் பறவைகள் பேசினால் மனிதர்களுக்குப் புரியும். புரிந்தும் கேட்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம். அப்போது மைனாவின் உடம்பில் மஞ்சள் என்பதே கிடையாது. அலகு, கால், கண்ணோரம் எல்லாம் ஒரே பழுப்பு.

ஓடைக்கரை மேட்டில் சடைச்சி என்றொருத்தி குடியிருந்தாள். ஒன்றை நினைத்துவிட்டால் முடிக்காமல் சோற்றில் கைவைக்கமாட்டாள். வீட்டையொட்டிய துண்டு நிலத்தில் வெண்டை போட்டே தீருவது என்று தை பிறந்ததும் இறங்கினாள். காலையில் கொத்தி, மாலையில் விதைத்து, தண்ணீரும் விட்டாள். முளைத்த நாலாம் நாள் செடியெல்லாம் சாய்ந்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேரே இல்லை. வெள்ளைப் புழு தின்றிருந்தது. மறுபடி கொத்தி அன்றைக்கே விதைத்தாள். மறுபடியும் அதே கதி.

"இந்த நெலத்துக்கும் ஒனக்கும் ஆகல. விட்டுத் தொலை" என்றான் புருஷன் மாடப்பன்.

"நெலமா நானான்னு பாத்துடுறேன்" என்றாள் சடைச்சி.

மாசி பிறந்தபோது மிஞ்சியது ஒரே ஒரு பிடி விதை. சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் வெண்டை விதை இல்லை. இதுவும் போனால் அந்தப் பக்கத்தில் வெண்டைக்காயையே மறந்துவிட வேண்டியதுதான். சடைச்சி பயத்தோடுதான் கொத்தினாள். ஆனால் பழையபடியே, கொத்தி முடித்ததும் விதை முடிச்சை அவிழ்த்தாள். அப்போது மைனா ஒன்று வந்து பாத்தி நடுவில் நின்றது.

"வெதயப் பொறுக்க வந்தியா? ஓடு!"

"ஒன் வெத யாருக்கு வேணும்? நீ கொத்துனா புழு மேல வருது. நான் எறங்குறதுக்குள்ள வெரட்டிட்டு, மண்ண மூடித் தண்ணியும் விட்டுடுற. புழுவுக்கு விருந்து வைக்கிறதே நீதான். ஏழு நாளைக்கி மண்ணத் தெறந்து போடு."

"எம்மேல அம்புட்டு அக்கறையா?"

"ஒம்மேல இல்ல, எங்குஞ்சுங்க மேல. மூணும் பட்டினி. இந்த மண்ணு என் அலகுக்கு ஒடயாது."

சடைச்சி நம்பவில்லை. ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசினாள். அது மைனாவின் கண்ணோரத்தில் பட்டது. மைனா சுருண்டு விழுந்தது. பிறகு எழுந்து, ரத்தம் வடிய வடிய, அதே இடத்தில் வந்து நின்றது.

சடைச்சி இன்னொரு கட்டியை எடுத்தாள். கை எழவில்லை. செய்தது பாவம் என்று கட்டியைக் கீழே போட்டாள்.

"என்னயவிடப் பிடிவாதக்காரியா இருக்கியேடி!" என்று விதையை முடிந்து இடுப்பில் செருகினாள்.

ஓடிப்போய் மஞ்சள் அரைத்து வந்தாள். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லையே, கண்ணோரத்தில் அப்பியது போதாதென்று அலகுக்கும் காலுக்கும் பூசினாள். "கண்ணுக்கு மட்டும் போதும்" என்றது மைனா. சடைச்சி கேட்டால்தானே?

ஏழு நாளும் சடைச்சி மண்ணைப் புரட்டிப்போட, மைனா மண்வெட்டிக்குப் பின்னாலேயே நடந்து புழுவைப் பொறுக்கிக் குஞ்சுகளுக்குக் கொண்டுபோனது. எட்டாம் நாள் விதை விழுந்தது. ஒரு செடிகூடச் சாயவில்லை. முதல் காய்களை மாடப்பன் குழம்புக்குக் கேட்டான். சடைச்சி தரவில்லை, ஊருக்கெல்லாம் விதையாகும்வரை முற்றவிட்டாள்.

கொத்திய மண்ணை ஏழு நாள் வெயிலில் ஆறப்போட்டு விதைக்கிற வழக்கம் அன்று முதல்தான் வந்தது. பூசிய மஞ்சள் மைனா இனத்துக்கே ஒட்டிக்கொண்டதும், அது மண்வெட்டிக்குப் பயப்படாமல் பின்னாலேயே நடப்பதும் அன்று முதல்தான். அதை விரட்டக் கட்டியெடுப்பவர்கள், எறிவதற்கு முன் அந்தக் கண்ணோரத்து மஞ்சளை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.