நெய்னாவின் இடப்பக்கம்

நெய்னா முகம்மது வலையைத் திருடவில்லை. தன் வலையைத் திருடினான் என்று மீன் ஏலக்கூடத்து மேடையில் ஏறிக் கத்தியவன் சந்தியாகு. ஊர் நம்பிவிட்டது.

பிறகு வலை கிடைத்தது. மேற்குப் பாறையில் சிக்கிக் கிடந்தது. கண்டவன் சந்தியாகு மட்டும். வாயைத் திறக்கவில்லை.

நெய்னாவின் மீனை இப்போது ஒருவரும் ஏலம் கேட்பதில்லை. மீன்பிடி வள்ளத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டே போகப் போகிறான் என்று பேச்சு.

சந்தியாகு மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தான். சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். அப்படியும் சோறு இறங்கவில்லை.

காசிம் பாவாவிடம் போனான். பள்ளிவாசலை ஒட்டிய குடிசையில் இருப்பவர். சந்தியாகு யேசுவைக் கும்பிடும் வேதக்காரன், ஆனாலும் வருஷக் கணக்காக அவரிடம் வந்து கேள்வி கேட்கிறவன். வேதத்தை மாற்றிக்கொள் என்று அவர் சொன்னதில்லை. டீ போடத்தான் சொல்வார்.

"பாவா, ஒரு பாவம் பண்ணிட்டேன்."

பாவா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"கேளுங்க பாவா."

"மாட்டேன். அல்லா மூடி வச்சதை நீ எதுக்குலே திறந்து காட்டுறே? எங்களில் பாவத்தை மனுஷங்கிட்ட சொல்றதில்லை. நேரே அவன்கிட்டதான்."

"நாங்க சாமியார்கிட்ட சொல்வோம்."

"சொல்லியாச்சா?"

"சொல்லிட்டேன். மன்னிச்சாச்சு."

"பிறகு இங்கே என்ன சோலி?"

சந்தியாகு அடுப்பை ஊதினான்.

"உங்களில் யார் மன்னிப்பா, பாவா?"

"அல்லாவுக்குச் செஞ்ச குத்தத்தை அல்லா மன்னிப்பான். மனுஷனுக்குச் செஞ்சதை அந்த மனுஷன் மன்னிக்கணும். அவனைத் தாண்டிப் போக வழியில்லை."

"ரொம்பக் கறாரா இருக்கே."

"உங்க சாமியார் ஒண்ணுமே சொல்லலையா?"

"ஜெபமாலை சொல்லச் சொன்னாரு. சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

சந்தியாகு தலையைச் சொறிந்தான். "கெடுத்ததைச் சரி பண்ணுன்னும் சொன்னாரு."

"பண்ணினியா?"

"ஜெபமாலையை முதல்ல முடிப்போம்னு..."

"நல்லா முடிச்சே."

"சாமியாரே ஊருக்குச் சொல்லிட்டா தேவலை. மாட்டாரு. பாவசங்கீர்த்தனத்துல கேட்டதைக் கழுத்தை அறுத்தாலும் வெளியே விடக் கூடாது."

"அவர் சொல்லக் கூடாது. நான் கேட்கக் கூடாது. நல்ல ஆளாப் பார்த்துத்தான் பிடிச்சிருக்கே."

சந்தியாகுவுக்குச் சுள்ளென்று வந்தது. "எங்க பாவத்தையெல்லாம் யேசு சிலுவையில சுமந்துட்டாரு, பாவா."

"எங்களில் ஒருத்தன் பாவத்தை இன்னொருத்தன் சுமக்க முடியாது."

"அப்போ எதுதான் சரி?"

"அது கிடக்கட்டும். உன்னோடதை இப்போ யார் சுமந்துக்கிட்டிருக்கா?"

பாங்கு ஒலித்தது. பாவா எழுந்து போய்விட்டார்.

சந்தியாகு வெளியே நின்று பார்த்தான். தொழுகை வரிசை. தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். நடுவில் இடம் விடக் கூடாது என்பது அவர்கள் முறை. பாவா சொல்லித் தெரியும்.

கடைசி வரிசையில் நெய்னா நின்றான். பாவா போய் வலப்பக்கம் ஒட்டி நின்றார்.

இடப்பக்கம், நெய்னாவுக்கும் அடுத்தவனுக்கும் நடுவே, ஓர் ஆள் நிற்கிற இடம். யாரும் நிற்கவில்லை.

குனிந்தார்கள். நிமிர்ந்தார்கள். அந்த இடம் அப்படியே கிடந்தது.

பாவா திரும்பி வந்தபோது டீ பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. சந்தியாகுவைக் காணோம்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு, வெளியூர் வள்ளத் தரகர் கோமதிநாயகம் குடிசை வாசலில் வந்து செருப்பை உதறினார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க பாவா. வந்தது வீண். நெய்னா வள்ளத்தை விற்கலையாம்."

"ஏன்?"

"அவன் மீனுக்கு இன்னைக்கு அடிச்சுப் பிடிச்சு ஏலம் கேக்குறானுங்க. காலையில ஒருத்தன் மேடையில ஏறி, நெய்னா திருடலை, நான் சொன்னது பொய்னு கத்தியிருக்கான். இறங்கி வந்து நெய்னா கையைப் பிடிச்சிருக்கான்."

"நெய்னா?"

"கையை உருவிக்கிட்டு மீனைக் கூடையில அள்ளிப் போட்டானாம். பிறகு, 'வந்து கூடையைத் தூக்கு'ன்னானாம். தண்ணி, பாவா."

பாவா செம்பை நீட்டவில்லை.

"மேடை ஏறினவன் பேரைச் சொல்லும்வே. இதை நான் கேட்கலாம்."

"சந்தியாகு."