அப்பா வேஷம்

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் சினிமா எடுக்கச் சொல்லித் தரும் துறை ஒன்று உண்டு. அங்கே குருவை மேம் என்று கூப்பிடுவார்கள். சீடர்கள் வகுப்புக்கு ஒழுங்காக வரமாட்டார்கள். ஆனால் கேமராவைக் கொடுத்துவிட்டால் சோறு தண்ணி இல்லாமல் அலைவார்கள்.

குருவின் பெயர் லலிதாம்பிகா. படத்தொகுப்பு நடத்துகிறவர். சீடன் ரெஜின், மூன்றாம் வருஷம். ஒரு த்ரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்து வர வேண்டும் என்பது அவனுக்குக் கொடுத்த வேலை. பக்கத்துப் பள்ளியிலிருந்து பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் வந்து பார்த்து, தாளில் கருத்து எழுதுவார்கள். மதிப்பெண் அதை வைத்துத்தான்.

"மேம், அந்த வயசுப் பிள்ளைங்க ரெண்டு நிமிஷம் அசையாம இருக்கணும். என்ன செய்யணும்?"

"உனக்கு எது பயமோ அத எடு."

தனக்கு எது பயம் என்று வெளியே சொல்ல ரெஜினுக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் மற்றவர்களுக்கு எது பயமாக இருக்கும் என்று தேடிப் போனான்.

கேன்டீனில் வடை போடுகிறவர் வறுவேல். நாலு வருஷத்துக்கு முன்னால் எண்ணெய்ச் சட்டி சரிந்து இடது பக்க முகம் வெந்துபோனது. அதற்குப் பிறகு அவர் அடுப்படியை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை.

"அண்ணே, நம்ம படத்துல நடிக்கியளா?"

"இந்த மூஞ்சிய வச்சா தம்பி?"

"அப்பா வேஷம் அண்ணே. காணாமப் போன மகளத் தேடுற அப்பா."

அதைப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. எடுத்தது அப்படித்தான். ரப்பர் தோட்டத்தில், சாயங்கால வெளிச்சத்தில், வறுவேல் கையில் டார்ச்சோடு மரம் மரமாகத் தேடினார். "மோளே... அபியே..." என்று மகளைக் கூப்பிட்டார். அபி என்ற பெயரை ரெஜின் சொல்லிக் கொடுக்கவில்லை. அது அவருடைய சொந்த மகளின் பெயர். மூன்றாவது தடவை எடுக்கும்போது அவருக்குக் குரல் கம்மிவிட்டது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் ரெஜின் முதல் வேலையாக அந்தக் குரலை நீக்கினான். அந்த இடத்தில் உறுமுவது போல ஓர் இசையைப் போட்டான். நடுநடுவே வகுப்புத் தோழி ஒருத்தி ஓடுவதைச் சேர்த்தான். மகளைத் தேடினவர் ஒரு பெண்ணைத் துரத்துகிறவர் ஆகிவிட்டார். கடைசியில் வெந்த கன்னம் திரை முழுக்க வந்து நின்றது.

மேம் பார்த்தார். "கட் நல்லாருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் வந்தார்கள். வறுவேலும் இஸ்திரி போட்ட சட்டையில், தட்டு நிறைய வடையோடு அரங்கின் வாசலுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, இது எனக்க மோளுக்க கிளாசாக்கும். அப்பா வேஷம்னு வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். பாத்தியளா, முன்னால இருக்கா."

ரெஜின் முன்வரிசையை எட்டிப் பார்த்தான். மேமிடம் ஓடிப் போய் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். புரொஜெக்டர் வேலை செய்யவில்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம், பொய்க்கா அவனிடம் பஞ்சம்? ஆனால் மதிப்பெண் ஞாபகத்துக்கு வந்தது. விளக்கை அணைத்தான்.

இரண்டு நிமிடம் ஒரு பிள்ளைகூட அசையவில்லை. கடைசி முகத்துக்கு அரங்கமே அலறியது. பிறகு சிரிப்பும் விசிலும் கைதட்டலும். விளக்குப் போட்டதும் வாசல் பக்கம் பார்த்த ஒருத்தி, "ஏய், அது அபிஷாவுக்க அப்பா" என்றாள்.

எல்லோரும் வாசலில் நின்றவரைப் பார்த்தார்கள். பிறகு முதல் வரிசையில் இருந்த அபிஷாவைப் பார்த்தார்கள்.

வறுவேல் தட்டை பெஞ்சில் வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, வியர்வை துடைப்பதுபோல் இடது கன்னத்தில் பிடித்துக்கொண்டார்.

"நல்லா எடுத்திருக்கிய தம்பி. பிள்ளையளு எல்லாம் நல்லா பயந்துட்டு."

மகள் பக்கம் போகாமலே படி இறங்கிவிட்டார்.

உங்களை மிகவும் பயமுறுத்தியது எது என்பது தாளில் முதல் கேள்வி. முப்பத்தொன்பது பேர் கடைசி முகம் என்று எழுதியிருந்தார்கள். ஒரு தாளில் வேறு பதில் இருந்தது.

"எல்லாரும் கத்தினது. அது எங்க அப்பா."

ரெஜினுக்குத் தன் முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை. அந்தத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மேமிடம் போனான். அப்பா வேஷம் என்று சொல்லி நடிக்க வைத்தது, குரலை நீக்கியது, விளக்கை அணைத்தது எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது தலை நிமிரவில்லை.

மேம் தாளை இரண்டு தடவை வாசித்தார்.

"நீ இப்படி வெட்டினது அவருக்குத் தெரியும்னு நினைச்சேன். கேட்டிருக்கணும். நானும் கேக்கல."

கம்ப்யூட்டரைக் காட்டி, "எடுத்தத முழுசாப் போடு" என்றார். "குரலோட."

போட்டான். "மோளே... அபியே..." இருவரும் கடைசிவரை கேட்டார்கள்.

"இத எல்லாம் அழிச்சிரட்டுமா மேம்?"

"அழிச்சா உனக்கு நிம்மதி. அவருக்கு?"

"கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கேன்."

"கேளு. பரவால்ல தம்பின்னு சொல்லிருவாரு. பாத்துட்டுப் போன நாப்பது பேருக்கு என்ன சொல்லுவ?"

மேம் திரையில் நின்ற வறுவேலைக் காட்டினார்.

"அவர்கிட்ட முதல்ல கேளு. அவர் சரின்னு சொன்னா, குரல வச்சுத் திரும்ப வெட்டு. அதே பிள்ளைங்களக் கூப்பிடு."

"குரல வச்சா பயமே இருக்காது மேம். ஒரு அப்பா மகளத் தேடுறத அந்த வயசுல யாரு பாப்பாங்க? பாதியில எந்திரிச்சுப் போயிருவாங்க."

"போறவங்க போகட்டும்" என்றார் மேம். "ஒருத்தி எந்திரிக்க மாட்டா. அவளுக்குப் போட்டுக் காட்டு."